லட்டுவின் வலது காது

உங்க நாயி தலையை ஒதறிக்கிட்டே இருக்குதேங்க. காதை மடிச்சுப் பாத்தீங்களா? உள்ள சிவந்திருந்தா இன்னிக்கே டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டுப் போயிருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஊட்டுக்குப் போயிராதீங்க. இல்லீங்க, நான் டாக்டரெல்லாம் இல்லை. தென்னந்தோப்பு வெச்சிருக்கேன். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து பழகிப்போச்சு. இக்கட்டால, இந்தப் பக்கமாத் தள்ளி உக்காருங்க, அங்க வெயிலு அடிக்குது. டாக்டரம்மா எங்கியோ மாடு கன்னு போட முடியாமக் கெடக்குதுன்னு போயிருக்காங்களாமா. வர நேரமாகும்.

எங்கூட்டு நாயிக்குக் காது வீங்கிப்போச்சுங்க. வலது காது. துளை இல்லீங்க, மேல தொங்குது பாருங்க மடலு, அது. வீங்குச்சுன்னா சும்மா இல்லை, பணியாரமாட்ட உப்பிப்போச்சு. ஆனா உங்க நாயிக்கு வர்ற மாதிரி சீக்குல வந்தது இல்லை அது. அடிச்சு வந்தது. எங்க வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் அடிச்சு வந்தது. பேரையும் சொல்றேன், எனக்கென்ன பயம். திருமூர்த்தி.

அவந்தோப்பும் எந்தோப்பும் ஒட்டுனாப்பல இருக்குது. நடுவால கம்பிவேலி. முன்னெல்லாம் அந்த வேலியில ஒரு ஆளு போற அளவுக்கு வழி உட்டிருந்தோம். மச்சான் மச்சான்னுதான் கூப்புட்டுக்குவோம். எங்கல்யாணத்துல பந்தி பாத்ததே அவந்தான். அப்பறம் மழை பொய்ச்சுப்போன வருசம் அவன் போர் போட்டான். எங்கத்த போட்டான்? எங்கெணத்துக்கு நேரா, வேலியோரமா. அவனுக்குத் தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. எங்கெணத்துல சேறு தெரிஞ்சுது. வேணும்னுதானே அங்க போட்டேன்னு கேட்டேன். நீரோட்டம் பாத்தவன் அங்கதான் குறி வெச்சான், நான் என்ன பண்றதுன்னான். வேணும்னா எம்போர்ல இருந்து ஒரு பைப்பு இழுத்துக்கோன்னும் சொன்னான். எங்கெணத்துத் தண்ணியை எனக்கே பிச்சை போடறானாமா. அன்னிக்கே வேலியில இருந்த வழியை முள்ளு வெட்டி அடைச்சுப்போட்டேன். எங்கூட்டுல யாரும் அவனோட பேசப்படாதுன்னும் சொல்லிட்டேன்.

எங்கூட்டுக்காரி துளசிமணி பேசலை. எம்பொண்ணு மைதிலி பேசியிருக்கறா. அவங்கூட இல்லீங்க, அவம்பையங்கூட.

கட்டிக்கறேன்னு வந்து நின்னா. முறையைப் பாத்தா கட்டற முறைதானுங்க. பையனும் படிச்சிருக்கான், உரக்கடை வெச்சிருக்கான், குடி கிடி எதுவும் கெடையாது. அதையெல்லாம் நான் குத்தம் சொல்ல மாட்டேன், நாயம் நாயந்தான். ஆனா திருமூர்த்தி ஊடு. அவ்வளவுதான். முடியாதுன்னேன். அவ கோயில்ல வெச்சுத் தாலி கட்டிக்கிட்டா. கட்டிக்கிட்டு எங்க போனா? வேலிக்கு அந்தப் பக்கம் போனா. திருப்பூரு, ஈரோடுன்னு பஸ்ஸேறிப் போயிருந்தாக்கூட மறந்திருப்பேன். இவ என்னடான்னா காலையில நான் பல்லு வெளக்க வெளிய வந்தா அங்க துணி காயப்போட்டுட்டு நிக்கறா. ஒரு மனுசன் எப்படிங்க மறக்கறது?

இந்த நாயி அவ கொண்டாந்தது. காலேஜு போயிட்டிருந்தப்ப யாரோ சிநேகிதி குடுத்தாளாமா. நல்ல சாதி நாயி கலப்பு. காது ரெண்டும் வெத்தலையாட்ட தொங்கும். தோப்புக் காவலுக்கு இருக்கட்டும்னு நானும் உட்டுட்டேன். காவலுக்கு வெச்ச நாயிக்குப் பேரு வெக்கறதுன்னா ஒரு பேரு வெக்கோணுமில்லீங்களா? லட்டுன்னு வெச்சா. தேங்கா திருட வர்றவனை, லட்டு, புடின்னு எப்படிங்க சொல்றது? நான் நாயின்னுதான் கூப்புடுவேன். அதுக்கும் வரும்.

அதைக் குளிப்பாட்டறதுக்குன்னு ஒரு நாளு வெச்சிருப்பா. தனித் துண்டு. குளிச்சு முடிச்சதும் மடியில தலையைப் போட்டுக்கிட்டு, காதைத் திருப்பித் திருப்பி, பஞ்சு வெச்சுத் தொடைப்பா. அதும் கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கும். நான் போற வர்றப்பல்லாம் சத்தம் போடுவேன், நாயிக்கு இத்தனை செல்லம் ஆகாதுன்னு. சிரிப்பா.

போனதுக்கப்பறம் அவங்கம்மாகிட்டச் சொல்லி உட்டா, லட்டுவை நான் வெச்சுக்கட்டுமான்னு. குடுத்திருக்கலாம்னு துளசிமணி இன்னைக்கும் சொல்றா. எதுக்குங்க குடுக்கோணும்? அவதானே போனா. நாயி போகலையே.

போகலைன்னு சொல்றேன், ஆனா அதும் போச்சுங்க. வேலிக்கடியில மண்ணைப் பறிச்சுட்டு அந்தப் பக்கம் போயிரும். எங்கூட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவனூட்டு வாசல்ல போய்ப் படுத்துக்கும். பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? சங்கிலி வாங்கிட்டு வந்து கட்டிப்போட்டேன்.

கொடுமையெல்லாம் பண்ணலீங்க. எங்கூட்டு நாயை நான் பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. கறியெடுத்தா எலும்பு தனியா எடுத்து வெப்பேன். அவ எப்பவோ ஒருக்காத்தான் குளிப்பாட்டுவா. நான் தெனமும் குளிப்பாட்டுனேன். மோட்டாரைப் போட்டு ஓஸைப் புடிச்சு தலையில இருந்து வாலு வரைக்கும் அடிச்சேன்னா ஒரு அழுக்கு நிக்காது. அது ஒதறிட்டு ஈரத்தோட தென்னை நெழல்ல படுத்துக்கும். துண்டு வெச்சுத் தொடைச்சு உடறதுக்கு அது என்ன புது மாப்பளையா?

அந்தச் சமயத்துலதான் தலையை ஒதற ஆரம்பிச்சுது. பட்டுப் பட்டுன்னு காது ரெண்டும் மண்டையில அடிக்கும். கூடவே சங்கிலி கலகலங்கும். சோறு திங்கறப்ப ஒதறும், படுத்துட்டு எந்திரிச்சா ஒதறும். பின்னங்காலைத் தூக்கிக் காதைப் பறண்டும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது வேணும்னே பண்ணுது, அவளுக்குக் கேக்கோணும்னு சத்தம் போடுதுன்னு. நாயிக்கு அவ்வளவு புத்தி இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியாததா.

அவளுக்குக் கேட்டுருச்சு. ஒரு நாளு நான் பாளை வெட்டற ஆளுங்களோட நின்னுட்டிருந்தேன். வேலியோரத்துல வந்து அவங்கம்மாவைக் கூப்புட்டுச் சொல்றா, லட்டு ரொம்ப ஒதறுதும்மா, காதுக்குள்ள புண்ணாயிருக்கும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னு. எங்காதுல உழுகோணும்னே சொல்றா. நானும் அவகிட்டப் பேசலை. முன்னால ஒரு தென்னைமரம் நின்னுச்சு, அதைப் பாத்துச் சொன்னேன், எங்கூட்டு நாயைப் பத்தி வெளியாளுங்க யாரும் பேச வேண்டாம்னு. மரமேற வந்த ஆளு, என்னைய்யா என்னையச் சொல்றீங்களான்னு கேட்டான்.

ஆனா பாருங்க, நான் சும்மா உட்டுடலை. அன்னிக்கே வேப்பெண்ணெயை வெதுவெதுன்னு சூடு பண்ணி ரெண்டு காதுலயும் ஊத்துனேன். சின்ன வயசுல எனக்குக் காது குத்தல் வந்தா எங்கம்மா அப்படித்தான் ஊத்துவாங்க. எனக்கு என்ன, செவிடா ஆயிருச்சு? இந்த நாயி என்ன பண்ணுச்சுன்னா, என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுச்சு. அது வரைக்கும் என்னைப் பாத்து உறுமுனதே இல்லை. யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்பறம் ஒரு நாளு சாயங்காலம் சங்கிலிக் கொக்கி கழண்டுபோச்சு. நாயி நேரா வேலிக்கடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிருச்சு. நான் பின்னாலயே போனேன். வேலிக்கு அங்கத்த திருமூர்த்தி நிக்கறான், கையில குச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். மாட்டை ஓட்டிக்கிட்டு வந்திருக்கான், மாட்டுக்குச்சிதான் அது. அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா குச்சி கையில இருந்துச்சுல்ல? அவனே நாயைக் கழுத்துப் பட்டையைப் புடிச்சு வேலிக்கடியில இந்தப் பக்கம் தள்ளி உட்டான்.

மறுநாளு காலையில பாக்கறேன், வலது காது உப்பிப்போயிருக்குது. தொட்டா சூடு. மெத்துமெத்துன்னு, உள்ள தண்ணி கட்டுன மாதிரி ஆடுது. நாயி வலது பக்கமாத் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்குது, என்னை நிமிந்து பாக்க மாட்டேங்குது. எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சுங்க. எம்மேல இருக்கற கோவத்தை வாயில்லாச் சீவன் மேல காட்டுவானா ஒருத்தன்?

போனேன். அத்தனை வருசமா மிதிக்காத வாசலு. வெளியவே நின்னு கூப்புட்டேன். டேய், வெளிய வாடான்னேன். சோத்துக் கையோட வந்தான். என் நாயைக் குச்சியில அடிச்சியான்னு கேட்டேன். மூஞ்சியில ஈயாடலைங்க. நாங்க எதுக்கு அடிக்கறோம், அது எங்கூட்டுப் புள்ளை வளத்த நாயின்னான். எங்கூட்டுப் புள்ளையாமா. யாரு யாரூட்டுப் புள்ளை? நல்லாக் கேட்டுப்போட்டேன். போர் போட்டதுல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கேட்டேன். ரோட்டுல போனவங்க வண்டியை நிறுத்திப் பாத்தாங்க. பாக்கட்டும்னுதான் கேட்டேன். அவன் சோத்துக் கையைக் கழுவப் போயிட்டான். பதில் இருந்தாத்தானே சொல்லுவான்?

மைதிலி வெளிய வந்தா. போனதுக்கப்பறம் அத்தனை பக்கத்துல நான் அவளைப் பாக்கவே இல்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தா. அழுவா, இல்லை சண்டைக்கு வருவான்னு பாத்தேன். ரெண்டும் பண்ணலை.

"அப்பா, காதைக் குத்தி மட்டும் உட்டுராதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" அப்படின்னா.

ஒரு நல்லது கெட்டது கேக்கலை. சாப்பிட்டீங்களான்னு கேக்கலை. புத்தி சொல்றா எனக்கு. நான் திரும்பி வந்துட்டேன். வந்து என்ன பண்ணுனேன்? கோணி தைக்கற ஊசியை நெருப்புல காட்டிக் குத்துனேன்.

பின்னென்னங்க? அவ குத்த வேண்டாம்னு சொல்லலைன்னா ஒருவேளை யோசிச்சிருப்பேன். நாயைத் தூணோட சேத்துக் கட்டி, வாயைத் துணியில சுத்திக் குத்துனேன். ரத்தம் பீச்சிக்கிட்டு வந்துச்சு. காது அமுங்கிப்போச்சு. பாத்தியா, இதுக்கெதுக்கு ஆஸ்பத்திரின்னு துளசிமணிகிட்டச் சொன்னேன். அவ வாசலுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயிட்டா.

அடுத்த நாளே திரும்ப வீங்கிருச்சு. முன்னைக்கும் பெருசா. குத்துன ஓட்டை வேற மூடலை. ஒவ்வொருக்கா ஒதறும்போதும் ரத்தம் தெறிக்குது. வெள்ளையடிச்ச செவுரெல்லாம் புள்ளி புள்ளியா. என் வேட்டியில, துளசிமணி சேலையில, காயப்போட்ட வடகத்துல. நாயி தண்ணி குடிக்கக் குனிஞ்சா தட்டுத் தண்ணி செவந்துபோவுது. நான் மஞ்சளை அப்பி உட்டேன். ஒதறுன ஒதறுல மஞ்சளும் செவுத்துக்குப் போயிருச்சு.

எங்கூட்டுக்காரி என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லைங்க. அன்னிக்கு வடகத்துணியைச் சுருட்டிக் கீழ போட்டா. "நீங்க பேசாம இருக்கறது உங்க இஷ்டமுங்க. நாயி உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"ன்னா. சொல்லிட்டு என் கண்ணு முன்னாலயே அருவாளை எடுத்துட்டுப் போயி, நான் அடைச்சு வெச்ச முள்ளை வெட்டித் தள்ளிட்டு, வேலியைத் தாண்டிப் போயிட்டா. நான் கூப்புடறேன் கூப்புடறேன், திரும்பிப் பாக்கலை.

கொஞ்ச நேரத்துல வாசல்ல வண்டி வந்து நிக்குது. அந்தப் பையன் கடைக்கு மூட்டை ஏத்தற வண்டி. மைதிலியும் அவங்கம்மாவும் எறங்கி வர்றாங்க. வந்தவ எம்மொகத்தைக்கூடப் பாக்காம நேரா நாயிகிட்டப் போயி சங்கிலியை அவுக்கறா. நான் போயி சங்கிலியைப் புடிச்சேன். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்பப் பாத்து நாயி தலையை ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க. அவ மூஞ்சி, எம்மூஞ்சி, எல்லாம் ரத்தம். அவ தொடைச்சுக்கக்கூட இல்லை, அப்படியே குத்தவெச்சு அது தலையைத் தன் மேல சாச்சுப் புடிச்சுக்கிட்டா. நாயி அழுதுச்சுங்க. நாயி அழுது நான் கேட்டதில்லை.

நான் சங்கிலியை உட்டேன். உட்டேன்னா, தோத்துப்போயி உடலை. ஒரு நிபந்தனையோட உட்டேன். நாயி போகட்டும், நானும் வருவேன், ஆனா அவனூட்டு வண்டியில ஏற மாட்டேன்னேன். அவங்க வண்டியில போனாங்க. நான் பின்னாலயே எம்மொபெட்டுல வந்தேன். வழியெல்லாம் புழுதி. அந்தப் பையன் கண்ணாடியில பாத்துப் பாத்து மெதுவா ஓட்டறான். எனக்கு எதுக்குங்க அந்த மரியாதை? நான் வேகமாப் போயி அவனை முந்திக்கிட்டேன். முந்துனதுக்கப்பறந்தான் நாயி அந்த வண்டியில இருக்குதுன்னு நெனப்பு வந்துச்சு. ஒரு புளியமரத்துக்கிட்ட நின்னு, அவங்க தாண்டுனதும் பின்னால வந்தேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான். காதைத் தூக்குனாங்க, உள்ள பஞ்சு உட்டு எடுத்தாங்க. பஞ்சு கருப்பா, பிசினாட்ட வந்துச்சு. நாத்தம் தாங்கலை. அப்பறம் சொன்னாங்க. காதுக்குள்ள ஈரம் நின்னு பூஞ்சை புடிச்சிருக்குது, அந்த அரிப்புல நாயி ஒதறி ஒதறி மடலு மண்டையில அடிபட்டு, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவால இருக்கற சின்ன ரத்தக்கொழாயி ஒடைஞ்சுபோயிருது, அதுல கசியற ரத்தம் அங்கயே கட்டிக்குது, அதுதான் வீக்கம்னாங்க. குத்தி எடுத்தா நிக்காது, உள்ள எடம் காலியா இருக்கறதால மறுபடி ரொம்பிரும்னாங்க.

நான் நேராக் கேட்டேன், ஏனுங்கம்மா, யாராச்சும் குச்சியில அடிச்சா இந்த மாதிரி வருமான்னு. அடிபட்டாலும் வரலாமுங்க, ஆனா இதுக்குக் காரணம் காதுக்குள்ள இருக்குதுன்னாங்க. வரலாம்னு சொன்னாங்களா இல்லையா? டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்க. அதைத்தான் நானும் சொல்றேன்.

யாரு குத்துனதுன்னு கேட்டாங்க. தானா ஒடைஞ்சுபோச்சுன்னேன். மைதிலி பக்கத்துலதான் நின்னா. வாயைத் தொறக்கலை. செவுத்துல ஒட்டியிருந்த ஆட்டுப் படத்தையே பாத்துட்டு நின்னா. நல்லா நடிப்பா. சின்னதுல இருந்தே அப்படித்தான், நான் தப்புப் பண்ணுன மாதிரி காட்டறதுக்குன்னே பேசாம இருப்பா. குளிக்க வெச்சதுக்கப்பறம் காதை ஈரம் போகத் தொடைக்கறீங்களான்னு டாக்டரம்மா கேட்டப்ப மட்டும் வாயைத் தொறந்தா. "நான் இருந்தப்பத் தொடைச்சேன்"ன்னா. அவ்வளவுதான். நாலு பேரு முன்னால சொல்லிட்டா.

ஊசி போட்டாங்க. நாயி மயங்குச்சு, முழுசா இல்லை, அரை மயக்கம். தலையை ஒரு ஆளு அசையாமப் புடிக்கோணும், பின்னாடி ஒரு ஆளு புடிக்கோணும்னாங்க. அந்தப் பையன் ரத்தத்தைப் பாத்ததும் வெளிய போயிட்டான். அவ தலையைப் புடிச்சா, நான் பின்னங்காலைப் புடிச்சேன். மடலோட உள்பக்கம் கீறுனாங்க. கட்டியும் தண்ணியுமா ரத்தம். கழுவி எடுத்துட்டு, மெத்தைக்கு நடுவால நடுவால தைப்பாங்க பாருங்க, அந்த மாதிரி மடலு பூரா சின்னச் சின்னத் தையல். தோலும் குருத்தும் ஒட்டிக்கிட்டா உள்ள ரத்தம் கட்ட எடமிருக்காதாமா. அவ நாயிகிட்ட என்னமோ மெதுவாச் சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்குக் கேக்கலை.

பாதித் தையல்ல டாக்டரம்மா நிமிந்து அவளைப் பாத்தாங்க. ஏங்கண்ணு மூஞ்சி வெளுத்துப்போச்சு, எத்தனை மாசம், இப்படி நின்னுக்கிட்டிருக்கக் கூடாது, உக்காந்துக்கிட்டே புடின்னாங்க.

எனக்குத் தெரியாதுங்க. அந்த நேரம் வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை. அவங்கம்மாவைத் திரும்பிப் பாக்கறேன், தலையைக் குனிஞ்சுக்கறா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. ஒரே ஊட்டுல, நான் திங்கற சோத்தைப் போட்டுக்கிட்டே, மறைச்சு வெச்சிருக்கறா. நாயிக்குக் காது தைக்க வந்த எடத்துல, முன்ன பின்ன பாக்காத ஒருத்தங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கறேன். கேட்டுச் சண்டை புடிச்சிருப்பேன், கையில நாயிக்காலு இருந்துச்சு. ஒரு ஸ்டூலு என் காலுக்குக் குறுக்கால கெடந்துச்சு. எடைஞ்சலா இருக்குதேன்னு காலால தள்ளி உட்டேன். அது அவ பக்கமாப் போயி நின்னுச்சு. உக்காந்துக்கிட்டா. நான் குடுத்தேன்னு நெனைச்சிருப்பா. நெனைச்சுட்டுப் போறா.

வெளிய வந்து துளசிமணியைக் கேட்டேன். ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னு. சொல்ல வந்தப்பல்லாம் அவ பேரை எடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்கன்னா. இதெல்லாம் ஒரு பதிலாங்க?

காதை மண்டையோட சேத்துக் கட்டி, கழுத்துல புனலாட்ட ஒரு பட்டையை மாட்டி அனுப்புனாங்க. காதுக்குள்ள சொட்டு மருந்து காலையும் சாயங்காலமும் உடோணும், உள்ள ஆறுனாத்தான் ஒதறாது, ஒதறுனா தையலு புடுங்கிக்கும்னாங்க. இங்கதான் நாயி எனக்குத் துரோகம் பண்ணுச்சு. நான் மருந்தை எடுத்துட்டுப் பக்கத்துல போனாப் போதும், உறுமுது. கையைக் கடிக்க வருது. சோறு வெக்கறது நான், கடி எனக்கு. துளசிமணி போனா ஓடிப்போயி கட்டிலுக்கடியில படுத்துக்குது. மைதிலி வந்து லட்டுன்னு கூப்புட்டா மட்டும் மடியில தலையைக் கொண்டு போய் வெக்குது.

சரி, என்ன பண்றது. மருந்து உட்டாகோணுமே. வரட்டும்னு சொன்னேன். எங்கிட்டப் பேசப்படாது, மருந்து உட்டமா போனமான்னு இருக்கோணும்னும் சொல்லி அனுப்புனேன். அவளும் அப்படித்தான் வந்தா. அவ வர்ற நேரத்துக்கு நான் தோப்புக்குள்ள போயிருவேன். கேட்டை மட்டும் தொறந்து வெச்சுட்டுப் போவேன். வேலி வழியா வந்தா அங்க முள்ளுக் குச்சி கெடக்குது, இந்த நெலமையில கால்ல ஏறுனா அதுக்கும் எம்பேருதானே சொல்லுவாங்க. அதனால அந்த வழியையும் கூட்டிச் சுத்தம் பண்ணி உட்டேன். நாயிக்கு மருந்து நேரத்துக்கு உழுகோணுமில்லீங்களா.

தோப்புல ஒரு எடத்துல நின்னா வாசலு தெரியும். எளநி பறிக்கறதுக்கு அங்க நிக்கற மரந்தான் தோது. மருந்து உடறதுக்கு அவ்வளவு நேரமே ஆகாதுங்க, ஆனா அவ வந்தா அங்கயே உக்காந்துக்குவா. அவங்கம்மா என்னத்தையாவது தட்டுல வெச்சுக் கொண்டாந்து குடுப்பா. மொதல்ல மாங்கா, அப்பறம் புளிச்சோறு. நான் எளநியை வெட்டி வாசப்படியில வெச்சுட்டுப் போயிருவேன். அது நாயிக்குச் சூடு தணியட்டும்னு வெச்சேன். யாரு குடிச்சாங்கன்னு நான் கேட்டுக்கலை.

திருமூர்த்தி ஒருக்கா ரோட்டுல மறிச்சான். நான் நாயை அடிச்சேன்னு இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமான்னான். ஆமா, சொல்லுவேன்னேன். டாக்டரு சொன்னதுக்கப்பறமுமான்னான். வரலாம்னுதான் சொன்னாங்கன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டான். குத்தமுள்ள நெஞ்சு இல்லைன்னா எதுக்கு வந்து மறிக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

தையலு பிரிச்சாச்சு. காதுல ஒரு ஓரம் சுருங்கி, வாடுன எலையாட்ட ஆயிப்போச்சு. குத்தாம முன்னாலயே கொண்டாந்திருந்தா இவ்வளவு சுருங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சொல்லும்போது அவங்க என்னையே பாத்துட்டுச் சொன்னது எனக்குப் புடிக்கலை. ஆனா ஒதறலு நின்னுபோச்சு. சங்கிலியையும் கழட்டிட்டேன், காது ஒரசுதுன்னு. இப்ப ரெண்டு ஊட்டுக்கும் போயிட்டு வந்துட்டு இருக்குது, வெக்கங்கெட்ட நாயி.

போன வாரம் வந்தப்ப டாக்டரம்மா உள்ள பாத்துட்டு, நல்லா ஆறிப்போச்சு, மருந்து போதும், நிறுத்திக்கலாம்னுட்டாங்க. மைதிலியும் சரிங்கன்னுட்டு பாட்டலை அவங்கம்மாகிட்டக் குடுத்துட்டா. அன்னில இருந்து வரலை. கேட்டு தொறந்தே கெடக்குது, மாடு உள்ள வந்து செவ்வந்திச் செடியைத் தின்னுட்டுப் போயிருச்சு. வரோணும்னு யாரு எதிர்பாத்தா? வேலை முடிஞ்சுது, போயிட்டா. சொந்தம் பந்தம்னு இருந்தா ஒரு நாளைக்குச் சும்மாவாச்சும் எட்டிப் பாப்பால்ல? எங்கிட்டப் பேசக் கூடாதுன்னுதான் சொன்னேன், வரக் கூடாதுன்னா சொன்னேன்?

அதான் இன்னிக்கு வந்தேன். டாக்டரம்மாகிட்டக் கேட்டு இன்னொரு பாட்டலு எழுதி வாங்கிட்டுப் போலாம்னு. இத்தனை சீக்கிரம் நிறுத்துனா திரும்ப வந்துருமுங்க, எனக்குத் தெரியும். வாங்குனா மட்டும் பத்தாது. டாக்டரம்மாவே அவளுக்குப் போன் பண்ணி, இன்னும் கொஞ்ச நாளைக்கு மருந்து உட்டாகோணும், நீதான் வந்து உடோணும்னு சொல்லிட்டாங்கன்னா தேவலை. நான் எங்கத்த சொல்றது, நாந்தான் பேசறதில்லையே. அவ நம்பரு எங்கிட்ட இல்லைங்க. டாக்டரம்மாகிட்ட இருக்குது.

நாயிங்களா? ஊட்டுலதான் கெடக்குது. எதுக்குக் கூட்டிட்டு வரோணும்? கூட்டியாந்தா காதைத் தொறந்து பாத்துட்டு, நல்லாத்தானே இருக்குதுன்னு சொல்லிருவாங்க. தா, ஜீப்பு வந்துருச்சு, டாக்டரம்மாதான். எனக்கப்பறம் போறீங்களா, இல்லை நீங்க மொதல்ல போறீங்களா? நானே போறேனுங்க. சும்மா உட மாட்டேன். மருந்து போதும்னு சொன்னாங்கன்னா இடது காதுலயும் சீழ் வருதுங்கம்மான்னு சொல்லிப்போடுவேன்.